எம்ஜிபி காரின் இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்: முதல்முறை ட்யூன் செய்பவர்களுக்கு

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று ஐடிலிங்கில் நிற்காமல் திணறுகிறது. பிக்கப் இல்லை. சைலன்சரில் கரும்புகை. பானெட்டைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது, காற்றில் பெட்ரோலைக் கலந்து என்ஜினுக்குத் தரும் அந்த இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்கள்தான். கையில் ஸ்பானரும் இருக்கிறது என்றால் எதையாவது திருகத் தோன்றும். திருகாதீர்கள். கார்புரேட்டர் மேல் விழும் பழியில் பெரும்பகுதி பாயிண்ட் (பிளக்குக்கான மின்சாரத்தை வெட்டிவிடும் தொடுமுனை), பிளக், டாப்பெட் (வால்வு இடைவெளி) ஆகியவற்றுக்கும், எங்கோ ஏர் எடுக்கும் ஒரு கேஸ்கெட்டுக்கும் சேர வேண்டியது. அவற்றைப் பார்க்காமல் இதைத் திருகினால் ஒரு கோளாறு இரண்டாகும். எது பழையது, எது நாம் உண்டாக்கியது என்று பிறகு பிரிக்கவும் முடியாது. அதனால் இந்த விளக்கத்தில் கார்புரேட்டர் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

எந்தக் கார், எந்தக் கார்புரேட்டர்

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் தயாரானது. என்ஜின் 1798 சிசி பி-சீரிஸ். நம் ஊர் அம்பாசடரில் நெடுங்காலம் ஓடிய 1489 சிசி என்ஜினும் இதே குடும்பம்தான். அந்த பானெட்டைத் திறந்து பழகியவர்களுக்கு இங்கே பல பாகங்கள் தெரிந்த முகமாக இருக்கும்.

முதல் பத்தாண்டு வண்டிகளில் எச்எஸ்4 வகை. அதில் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் சேம்பர் தனிக் கிண்ணமாகப் பக்கத்தில் தொங்கும். பின்னர் வந்த எச்ஐஎஃப்4 வகையில் அது கார்புரேட்டரின் அடிவயிற்றுக்குள் போய்விட்டது. மிக்ஸரை, அதாவது காற்றோடு சேரும் பெட்ரோலின் அளவை, கூட்டிக் குறைக்கப் பக்கவாட்டில் ஒரு ஸ்குரூ இருக்கும். 1970களின் நடுவில் அமெரிக்காவுக்குப் போன வண்டிகளில் ஒற்றை ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர். இங்கே சொல்வது எச்எஸ்4 வகைக்கு.

உள்ளே நடப்பது

மற்ற பல கார்புரேட்டர்களில் ஐடிலிங்குக்கு ஒரு ஜெட், ஓட்டத்துக்கு இன்னொன்று, பிக்கப்புக்கு ஒரு பம்ப் என்று தனித்தனியாக இருக்கும். எஸ்யூவில் ஒரே ஜெட். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் என்ஜின் இழுக்கும் காற்றின் உறிஞ்சலால் மேலே உள்ள மணி வடிவக் கூட்டுக்குள் ஒரு பிஸ்டன் எழும்புகிறது. காற்று போகும் வழி அகலமாகிறது. பிஸ்டனின் அடியில் ஊசி போன்ற ஒரு நீடில், நுனி நோக்கி மெலிந்து, ஜெட்டுக்குள் இறங்கியிருக்கிறது. பிஸ்டன் எழ எழ நீடிலைச் சுற்றிய இடைவெளி பெரிதாகி பெட்ரோல் கூடுகிறது. இவ்வளவுதான் சூட்சுமம்.

இதை உருவாக்கிய ஸ்கின்னர் சகோதரர்கள் லண்டனில் செருப்பு வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். ஆரம்பகால எஸ்யூவில் பிஸ்டனுக்குப் பதில் தோலால் ஆன துருத்தி இருந்ததில் ஆச்சரியமில்லை. 1926இல் வில்லியம் மாரிஸ் அந்த நிறுவனத்தை வாங்கினார். பிறகு மாரிஸ், எம்ஜி வண்டிகளில் பெரும்பாலும் எஸ்யூதான்.

ஒரே ஜெட் என்பதால் ஐடிலிங்கில் நீங்கள் வைக்கும் அளவு மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலும் தொடரும். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

தொடங்குமுன்

பி-சீரிஸ் என்ஜினில் கார்புரேட்டர்களும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். அதாவது ஃப்ளோட் வழிந்து பெட்ரோல் ஒழுகினால் அதன் கீழே இருப்பது பழுக்கக் காய்ந்த இரும்பு. எனவே வேலை திறந்த வெளியில், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில். பெட்ரோல் பைப்பைக் கழற்றும்போது பேட்டரி இணைப்பு இருக்கக் கூடாது. பேட்டரி சீட்டுக்குப் பின்னால்; 1974க்கு முந்தைய வண்டிகளில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள். இன்னொரு கண்ணி: 1967 வாக்கு வரை எம்ஜிபி பாசிட்டிவ் எர்த் வண்டி, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் இணைந்திருக்கும். டைமிங் லைட்டையோ எலெக்ட்ரானிக் இக்னிஷனையோ இணைக்குமுன் எந்த முனை பாடியில் இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம்: அங்குல அளவு ஏஎஃப் ஸ்பானர்கள், ஃபில்லர் கேஜ், ஸ்குரூ டிரைவர், ஒரு மீட்டர் ரப்பர் டியூப், 20 கிரேடு என்ஜின் ஆயில், பழைய துணி. மில்லிமீட்டர் ஸ்பானரை 'கிட்டத்தட்ட சரியாக இருக்கிறதே' என்று போட்டால் நட்டின் மூலைகள் மழுங்கும். முந்தைய உரிமையாளர்கள் பலர் அதைச் செய்திருப்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

1. டாப்பெட்

என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். வால்வுகளை மூடியிருக்கும் ராக்கர் கவரின் இரண்டு நட்டுகளைக் கழற்றித் தூக்குங்கள். பிளக்குகளையும் கழற்றிவிட்டால் என்ஜினைச் சுற்றுவது எளிது. நான்காவது கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளினாலே சுற்றும்.

முன்னாலிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு வால்வு முழுவதும் அமுங்கியிருக்கும்போது, அதன் எண்ணோடு கூட்டினால் 9 வரும் வால்வை அளக்க வேண்டும். எட்டாவது திறந்திருந்தால் ஒன்றாவது. மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவது. இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. ஃபில்லர் கேஜ் லேசான உராய்வோடு போய்வர வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது அளவு மாறிவிடும் என்பதால் இறுக்கிய பிறகு மறுபடி ஒருமுறை அளந்து பாருங்கள். யாராவது கேம்ஷாஃப்டை மாற்றியிருந்தால் அந்தக் கேம்ஷாஃப்டைத் தயாரித்தவர் தரும் அளவுதான் கணக்கு.

2. பாயிண்ட், பிளக், டைமிங்

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, பாயிண்ட் கேமின் மேட்டில் ஏறி நிற்கும்படி என்ஜினைச் சுற்றி, இடைவெளியை 0.015 அங்குலம் வையுங்கள். முகம் குழிவிழுந்திருந்தால் புதியது போடுங்கள். அரம் போட்டுத் தேய்த்து ஓட்டுவதில் மிச்சமாகும் காசு மிகக் குறைவு. பிளக் இடைவெளி 0.025 அங்குலம். வயர்கள் 1-3-4-2 வரிசையில் போகின்றனவா என்று பாருங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் வேக்குவம் அட்வான்ஸ் டியூபின் கார்புரேட்டர் பக்க முனையைக் கழற்றி வாயால் உறிஞ்சி நாக்கால் மூடுங்கள். நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றால் உள்ளே டயாஃப்ரம் நல்ல நிலையில் இருக்கிறது. காற்று தடையில்லாமல் வந்துகொண்டே இருந்தால் அது கிழிந்திருக்கிறது. டைமிங் (பிளக் தீப்பொறி விடும் நேரம்) டிகிரி என்ஜின் எண்ணைப் பொறுத்து மாறும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதையே வையுங்கள்.

இந்த இரண்டு படியிலேயே வண்டி சரியாகிவிட்டால் ராக்கர் கவரை மூடிவிட்டு ஒரு சுற்று ஓட்டப் போகலாம்.

3. ஏர் எடுக்கிறதா?

கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும், மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள கேஸ்கெட்டுகளில் கசிவு இருந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். எரியக்கூடிய ஸ்பிரேயை அடித்துச் சோதிப்பவர்கள் உண்டு. கீழே எக்ஸாஸ்ட் இருப்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் போதும். இணைப்புகளில் லேசாகத் தெளியுங்கள். என்ஜின் சத்தம் மாறும் இடத்தில்தான் ஓட்டை.

அடுத்து த்ராட்டில் ஸ்பிண்டில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதித்தால் காற்றுவழியைத் திறக்கும் தட்டின் அச்சுக் கம்பி. அதன் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு ஆட்டம் இருந்தால் இங்கேயே நிறுத்திவிடலாம். தேய்ந்த ஸ்பிண்டில் வழியாகக் காற்று ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவில் போகும். எந்த ட்யூனிங்கும் நிற்காது. புஷ், ஸ்பிண்டில் மாற்றிய பிறகு திரும்பி வாருங்கள்.

4. கூட்டைத் திறந்து சுத்தம் செய்தல்

ஏர் ஃபில்டர்களைக் கழற்றுங்கள். மணி வடிவக் கூட்டைப் பிடித்திருப்பவை மூன்று ஸ்குரூக்கள். கழற்றுமுன் கூட்டின் மேலும் உடலின் மேலும் சேர்த்து ஒரு பென்சில் கோடு போடுங்கள். அதே நிலையில்தான் திரும்பப் பொருத்த வேண்டும். முன் கார்புரேட்டரின் பிஸ்டனும் கூடும் ஒரு ஜோடி, பின்னது இன்னொரு ஜோடி. இரண்டையும் ஒரே தட்டில் போட்டுக் கலந்துவிடாதீர்கள். அவை ஒன்றுக்கொன்று பொருத்திச் செய்யப்பட்டவை.

கூட்டின் உட்புறத்தையும் பிஸ்டனையும் துணியில் பெட்ரோல் நனைத்துத் துடைத்தால் போதும். எமரித் தாள், மெட்டல் பாலிஷ் எதுவும் உள்ளே வரக் கூடாது. வெளியே வேண்டுமானால் கண்ணாடி போல மினுக்கிக்கொள்ளுங்கள், பலருக்கு அது ஒரு தனி மகிழ்ச்சி. பிஸ்டனின் விளிம்பில் ஆயில் தடவக் கூடாது. நடுத் தண்டுக்கு ஒரு சொட்டு. நீடிலின் தோள் பிஸ்டனின் அடிமுகத்தோடு சமமாக இருக்கிறதா, இரண்டு நீடிலிலும் பொறித்த குறி ஒன்றுதானா என்று பாருங்கள்.

திரும்பப் பூட்டியதும் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். 'டக்' என்று தெளிவான சத்தத்தோடு உட்கார வேண்டும். தயங்கித் தயங்கி இறங்கினால் நீடில் ஜெட்டில் உரசுகிறது. நிலையான நீடில் கொண்ட கார்புரேட்டரில், அடியிலுள்ள பெரிய நட்டைத் தளர்த்தி, பிஸ்டனை முழுக்க இறக்கி ஜெட்டை மையப்படுத்தி, மறுபடி இறுக்க வேண்டும். ஸ்பிரிங் வைத்த நீடில் என்றால் மையப்படுத்தும் வேலையே இல்லை; அது ஒரு பக்கம் சாய்ந்திருப்பதே இயல்பு.

5. ஃப்ளோட்

சாவியைத் திருகியதும் பின்னாலிருந்து எஸ்யூ பம்பின் 'டிக் டிக்' கேட்கும். சேம்பர்கள் நிறைந்ததும் அது நின்றுவிட வேண்டும். என்ஜின் ஓடாதபோதும் விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. ஃப்ளோட் வால்வில் தூசு மாட்டியிருப்பது வழக்கமான காரணம். சேம்பர் மூடியைக் கழற்றித் தலைகீழாகப் பிடியுங்கள். ஃப்ளோட் தன் எடையில் உட்கார்ந்திருக்கும்போது அதற்கும் மூடிக்கும் நடுவே 1/8 முதல் 3/16 அங்குலம் வரை இடைவெளி இருக்க வேண்டும். அதே பருமனுள்ள டிரில் பிட்டைச் செருகிப் பார்த்தாலே போதும்.

பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரணப் பெட்ரோல் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் டியூப்கள் அதில் ஊறி உதிரும்; அந்தத் துகள்தான் இந்த வால்வில் வந்து உட்காரும். எத்தனாலைத் தாங்கும் ஆர்9 குறியிட்ட டியூபாக மாற்றிவிடுங்கள்.

6. ஆரம்ப அளவு

இப்போதுதான் கார்புரேட்டரின் நட்டைத் தொடுகிறோம். ஜெட்டின் அடியில் ஆறு பட்டை நட் ஒன்று இருக்கிறது. அதை மேலே ஏற்றினால் பெட்ரோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். பிஸ்டனைத் தூக்கிப் பார்த்தபடி ஜெட்டின் வாய் சுற்றியுள்ள தளத்தோடு சமமாகும்வரை ஏற்றுங்கள். பிறகு சரியாக இரண்டு சுற்று, அதாவது 12 பட்டை, இறக்குங்கள். இரண்டு கார்புரேட்டரிலும் அப்படியே. ஐடில் ஸ்குரூக்களை த்ராட்டில் முழுக்க மூடும்வரை தளர்த்தி, தொட்டதும் ஒரு சுற்று உள்ளே கொடுங்கள்.

7. காற்றைச் சமப்படுத்துதல்

வண்டியை ஓட்டி என்ஜினை நன்றாகச் சூடேற்றிக்கொண்டு வாருங்கள். இரண்டு த்ராட்டிலையும் இணைக்கும் கம்பியின் கிளாம்ப் போல்டுகளைத் தளர்த்துங்கள். இனி ஒவ்வொன்றும் தனித்தனி. சோக் இணைப்பையும் அப்படியே விடுவியுங்கள்.

ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் ஒரே இடத்தில், ஒரே தூரத்தில் பிடியுங்கள். 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் கேட்கும்வரை ஐடில் ஸ்குரூக்களைத் திருகுங்கள். வேகம் நிமிடத்துக்கு 700 முதல் 800 சுற்று வரை இருக்கட்டும். காற்றளவு மீட்டர் கடையில் கிடைக்கிறது. வாங்கினால் தவறில்லை, காது பழகிவிட்டால் பெட்டியிலேயே கிடக்கும்.

8. மிக்ஸர்

கூட்டின் பக்கவாட்டில், அடியிலிருந்து மேலே தள்ளும் சிறு பின் ஒன்று இருக்கிறது. முதல் கொஞ்ச தூரம் வெறும் ஆட்டம். அதற்குப் பிறகுதான் பிஸ்டனைத் தொடும். தொட்டதிலிருந்து 1/32 அங்குலம், 0.8 மி.மீ., மட்டும் தூக்குங்கள்.

வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம்: நட்டை ஒரு பட்டை ஏற்றுங்கள். உடனே வேகம் விழுந்து என்ஜின் அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு: ஒரு பட்டை இறக்குங்கள். நொடிப்பொழுது லேசாக ஏறிப் பழைய வேகத்துக்கு வந்தால் சரி. ஒரு நேரத்தில் ஒரு பட்டைக்கு மேல் வேண்டாம். திருகிய பிறகு என்ஜினுக்குச் சில நொடி அவகாசம் கொடுங்கள்.

முதல்முறை செய்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். பின்னை அரை அங்குலம் தூக்கிவிட்டால் எந்த என்ஜினும் அணைந்துதான் போகும். அதை 'பெட்ரோல் குறைவு' என்று படித்து இறக்கிக்கொண்டே போவார்கள். இன்னொன்று நேரம். ஐடிலிங்கில் நீண்ட நேரம் நின்றால் என்ஜின் அடைத்துக்கொண்டு தவறான பதில் சொல்லும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை 2,500 சுற்று வரை அரை நிமிடம் ஏற்றி மூச்சுவிட வையுங்கள்.

முன் கார்புரேட்டரில் செய்த மாற்றம் பின்னதையும் பாதிக்கும். எனவே முன்னும் பின்னும் மாறிமாறி இரண்டு மூன்று சுற்று வரும். நடுவில் ஐடிலிங் ஏறினால் இரண்டு ஐடில் ஸ்குரூவையும் சம அளவு குறைத்து, டியூபால் மறுபடி கேளுங்கள். ஆரம்ப 12 பட்டையிலிருந்து மிகத் தூரம் விலகினால்தான் சமநிலை வருகிறது என்றால் திருகுவதை நிறுத்திவிட்டு மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

9. இணைப்பும் ஆயிலும்

கிளாம்ப் போல்டுகளை இறுக்குங்கள். இருவர் இருந்தால் நல்லது: ஒருவர் மிதிக்க, மற்றவர் இரண்டு த்ராட்டிலும் ஒரே நொடியில் அசைகின்றனவா என்று பார்க்கலாம். சோக் கேபிளில் 1/16 அங்குலம் தளர்வு விட்டுப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் ஜெட் முழுக்க மேலே வராமல் எப்போதும் பாதி சோக்கில் ஓடும்.

கூட்டின் தலையில் உள்ள மூடியைத் திருகி எடுத்தால் டேம்பர். பிஸ்டன் தண்டின் குழாயில், அதன் வாய்க்கு மேல் அரை அங்குலம் நிற்கும்படி 20 கிரேடு ஆயில் ஊற்றுங்கள். பிஸ்டன் திடீரென்று எகிறாமல் தடுப்பது இந்த ஆயில்தான். அந்தத் தயக்கத்தில் ஒரு கணம் பெட்ரோல் கூடுதலாகக் கிடைத்துப் பிக்கப் வருகிறது. ஆயில் வற்றிய வண்டி, மிதித்தவுடன் ஒரு இழுப்பு விட்டுத்தான் கிளம்பும். மாதம் ஒருமுறை பாருங்கள்.

10. ரோட்டில்

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் இயல்பாக ஓட்டுங்கள். ஓட்டத்திலேயே என்ஜினை அணைத்து, கிளட்சை மிதித்து, ஓரங்கட்டி நிறுத்தி, சூடு ஆறியபின் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். வெளிர்ப் பழுப்பு நிறம் சரியான அளவு. கரிபிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக வெளுத்திருந்தால் குறைவு, அப்படியே நெடுந்தூரம் ஓட்டினால் வால்வும் பிஸ்டனும் கருகும்.

இந்த ஹெட்டில் 1, 2 சிலிண்டர்களுக்கு ஒரே இன்லெட் வழி. 3, 4 சிலிண்டர்களுக்கு இன்னொன்று. ஆகவே முதல் இரண்டு பிளக் கறுத்திருந்தால் முன் கார்புரேட்டரில் ஒரு பட்டை ஏற்றுங்கள், கடைசி இரண்டு என்றால் பின்னதில். ஒரே ஒரு பிளக் மட்டும் தனித்துக் கறுத்திருந்தால் கார்புரேட்டரை விட்டுவிடுங்கள். அந்தச் சிலிண்டரின் பிளக், வயர், டாப்பெட், கம்ப்ரஷன் என்ற வரிசையில் பாருங்கள்.