காம்பேக்ட் டிராக்டருக்கு அடித்தகடு: வீட்டிலேயே அளந்து, வெட்டி, பொருத்தும் முறை

செம்பனைக்குள் ஓடும் சின்ன டிராக்டரின் அடிவயிற்றைப் பெரும்பாலும் பதம் பார்ப்பது மட்டைதான். வெட்டிப் போட்ட மட்டையின் ஒரு முனையில் முன்டயர் ஏறியதும் மறுமுனை விருட்டென்று மேலே கிளம்பும். அது போய் முட்டுகிற இடத்தில் ஆயில் ஃபில்டரோ டீசல் ஹோஸோ இருந்தால் அன்றைய வேலை அத்தோடு சரி. மறுநடவு நிலத்தில் பாதி புதைந்து கிடக்கும் அடிமரமும், பினாங்கின் பாலிக் புலாவ் டுரியான் மேட்டில் துருத்தி நிற்கும் பாறையும் வேறு ரகம். முன்னாலிருந்து உரசிக்கொண்டே பின்னால் வரும். உங்கள் நிலத்தில் அடி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிட்டு, அடிவயிற்றைக் காக்கும் தகடு வாங்கப் போங்கள்.

பெனாகா பக்கம் நெல்வயலில் மட்டும் ஓடுகிற வண்டிக்கு முழு அடித்தகடு வேண்டாம். சேறு உள்ளே போகும், வெளியே வராது. 90 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலமுள்ள தகட்டின் மேல் 5 செ.மீ. உயரத்துக்குச் சேறு தங்கினால் 18 லிட்டர் ஆகிறது; எடை 30 கிலோவைத் தொடும். அந்த ஈரம் ஹைட்ராலிக் இரும்புக் குழாயை ஒட்டியே கிடந்தால் குழாய் துருப்பிடித்து ஊசித் துளை விழும். வயல் வண்டிக்கு ஃபில்டரை மட்டும் மறைக்கும் சின்னக் கவசம் போதும்.

கீழே படுத்துப் பார்க்க வேண்டியவை

இன்ஜின் ஆறட்டும். கெட்டியான சமதரையில் நிறுத்தி, லோடர் (முன்வாளி) இருந்தால் இறக்கி, ஹேண்ட்பிரேக் போட்டு, சாவியை எடுத்துவிடுங்கள். பின்டயர்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முன்பக்கத்தைத் தூக்குவதாக இருந்தால் ஒன்றை மறக்கக் கூடாது: முன்அச்சு நடுவில் ஒரு இரும்பு முளையில் தொங்குகிறது. அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் மரஆப்பு அடிக்காமல் தூக்கினால் வண்டி ஒரு பக்கம் சாயும். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே போக வேண்டாம், ஸ்டாண்ட் வையுங்கள். சிமெண்டுக் கல் ஸ்டாண்டு ஆகாது. அது சொல்லாமல் கொள்ளாமல் பிளக்கும்.

முன்னிருந்து பின்னாக நோட்டம் விடுங்கள். ரேடியேட்டரின் கீழ் ஹோஸ், ஸ்டியரிங் சிலிண்டர், இன்ஜின் சம்ப் (அடி எண்ணெய்த் தொட்டி), ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டரும் அதன் ரப்பர் குழாயும், கிளட்ச் ஹவுசிங், முன்சக்கரத்துக்கு ஓடும் ஷாஃப்டும் அதன் உறையும், ஹைட்ராலிக் குழாய்கள், கியர்பெட்டி ஃபில்டர். வார்ப்பிரும்பாலான கியர்பெட்டி தானே ஒரு கவசம், அதை மூடி என்ன ஆகப் போகிறது? மெல்லிய தகரத்தில் அழுத்திச் செய்த சம்ப், கீழே தொங்கும் ஃபில்டர், ரப்பர், கம்பி, மெல்லிய குழாய் ஆகியவற்றுக்குத்தான் பாதுகாப்பு வேண்டும். பல மாடல்களில் கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். இன்ஜினின் பின்சீல் போனால் எண்ணெய் அதன் வழியாகச் சொட்டித்தான் உங்களுக்குத் தெரியவரும். தகடு அதை அடைத்துவிட்டால் எண்ணெய் கிளட்ச் பிளேட்டுக்குப் போகிற வரைக்கும் சேதி வராது.

தகட்டு வேலையைத் தொடங்குமுன் இன்னொரு வேலை. வழக்கமாகச் செய்யும் கனமான வேலையை, புல் வெட்டுவதோ டிரெய்லர் இழுப்பதோ, அரை மணி நேரம் செய்துவிட்டு டெம்பரேச்சர் முள் எங்கே நிற்கிறது என்று குறித்து வையுங்கள். தகடு போட்டபின் ஒப்பிட்டுப் பார்க்க இது ஒன்றுதான் ஆதாரம்.

எத்தனை மில்லி தகடு?

ஹார்ட்வேர் கடையில் நின்றதும் கை தானாக 6 மில்லிக்குப் போகும். போக விடாதீர்கள். இரும்புத் தகடு ஒரு மி.மீ. தடிப்புக்கு, சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. மேலே சொன்ன 90க்கு 40 செ.மீ. அளவில் 3 மில்லி என்றால் எட்டரை கிலோ, 5 மில்லி 14 கிலோ, 6 மில்லி 17 கிலோ. 17 கிலோவை மல்லாக்கப் படுத்துக்கொண்டு ஒற்றையாளாக போல்ட் துளைக்குப் பிடிக்க முடியாது. பிடிக்க முடியாத தகட்டை யாரும் கழற்றிச் சுத்தம் செய்யவும் மாட்டார்கள்.

செம்பனை மட்டைக்கு 3 மில்லி போதும், நீளவாக்கில் இரண்டு ஓரத்தையும் 25 மி.மீ. மேல்நோக்கி மடித்திருந்தால். மடிக்காத 5 மில்லியைவிட மடித்த 3 மில்லி விறைப்பாக நிற்கும். பாறை, அடிமரம் என்றால் சம்புக்குக் கீழே மட்டும் 5 மில்லி, மற்ற இடத்துக்கு 3. அலுமினியம் எடையில் மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் வீட்டு வெல்டிங் மெஷினில் அதை ஒட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஜிங்க் பூசிய தகடு மலிவாகக் கிடைத்தால், வெல்டிங் வைக்கும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

ஒரே நீளத் தகடாகப் போடுவதைவிட இரண்டு துண்டாகப் போடுவது நல்லது. முன்துண்டின் பின்ஓரம், பின்துண்டின் முன்ஓரத்துக்குக் கீழே வர வேண்டும், 40 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று படியும்படி. மாற்றிப் போட்டால் முன்னே போகும்போது மட்டை அந்த இடுக்கில் மாட்டி, தகட்டைக் கரண்டிபோல் ஆக்கிவிடும்.

தாங்கி: கெட்டுப்போவது இங்கேதான்

காம்பேக்ட் டிராக்டரில் இன்ஜினும் கிளட்ச் ஹவுசிங்கும் கியர்பெட்டியும் சேர்ந்துதான் வண்டியின் முதுகெலும்பு. பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அதில், தகட்டைப் பிடிக்கும் தாங்கியை வெல்டிங் வைக்கவே கூடாது. வைத்த இடத்தை ஒட்டி விரிசல் விடும். துளை போடுவதும் வேண்டாம்.

முதலில் காலியாக இருக்கும் மரைத் துளைகளைத் தேடுங்கள். முன் சேஸிஸ் சட்டத்தில், லோடர், முன்எடை, நடுப்புல்வெட்டி ஆகியவற்றுக்காகத் தொழிற்சாலையே போட்டுவிட்ட துளைகள் பல வண்டிகளில் சும்மா கிடக்கின்றன. ஜப்பான் வண்டிகளில் எம்10 (10 மி.மீ. போல்ட்) துளை இருந்தால் மரைஇடைவெளி 1.25 மி.மீ. ஆகவும் இருக்கலாம், 1.5 ஆகவும் இருக்கலாம். கடையில் சும்மா எம்10 என்று கேட்டால் 1.5 வரும். கையாலேயே நான்கைந்து சுற்று ஏறாத போல்ட்டை ஸ்பேனரால் ஏற்றினால் மரை போச்சு. முதலில் பழைய பிரஷ்ஷால் துளையில் உள்ள மண்ணை எடுத்துவிட்டு ஏற்றிப் பாருங்கள்.

லோடர் மாட்டிய வண்டி என்றால் வேலை சுலபம். அதன் சட்டம் தனி இரும்பு; யூ-போல்ட் போட்டு இறுக்கிக்கொள்ளலாம். சேஸிஸ் சட்டத்தையும் 6 மி.மீ. பட்டைஇரும்பு இரண்டு வைத்து மேலும் கீழும் கவ்விப் பிடிக்கலாம். மேல்பட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவில் வயரோ குழாயோ சிக்கவில்லை என்பதை விரலால் தடவிப் பாருங்கள்.

இன்ஜினையும் கிளட்ச் ஹவுசிங்கையும் இணைக்கும் போல்ட்டைக் கழற்றி அதிலேயே தாங்கியைச் செருகலாம் என்று பட்டறையில் சொல்வார்கள். அந்த போல்ட்தான் வண்டி நடுவில் பிளக்காமல் பிடிக்கிறது. தாங்கியின் தடிப்பு 6 மி.மீ. என்றால் உள்ளே ஏறும் மரையில் 6 மி.மீ. குறைந்துவிடும். வார்ப்பிரும்பில் போல்ட் விட்டத்தின் ஒன்றரை மடங்கு மரையாவது ஏறியிருக்க வேண்டும். வேறு வழியில்லை என்றால் அதே தரத்தில் 6 மி.மீ. நீளமான போல்ட் வாங்கி, ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டி, மேனுவலில் உள்ள டார்க்குக்கு (முறுக்கு அளவுக்கு) இறுக்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள்.

தாங்கியின் பலத்தில் ஒரு கணக்கு வேண்டும். பெரிய அடி விழுந்தால் முதலில் வளைய வேண்டியது தாங்கிதான். வண்டியின் மரைத்துளை உடைந்தால் செலவு பல மடங்கு. அதனால் போல்ட் 8.8 வலிமைத் தரம் போதும், 12.9 தேடி அலைய வேண்டாம். தாங்கிக்கு 6க்கு 40 மி.மீ. பட்டைஇரும்பு சரி.

அட்டை, வெட்டு, மடிப்பு

குளிர்சாதனப்பெட்டி வந்த அட்டைப்பெட்டி இருந்தால் அதில் முழு அளவு மாதிரி வெட்டி, தாங்கிகளில் டேப் போட்டு ஒட்டிப் பாருங்கள். தகட்டுக்கும் மிகத் தாழ்ந்த பாகத்துக்கும் நடுவில் 20 முதல் 25 மி.மீ. இடைவெளி விடுங்கள். அதைவிடக் குறைந்தால் தகடு அமுங்கி சம்பை நசுக்கும். கூடினால் தரைஉயரம் வீணாகப் போகும். பக்கவாட்டில் மூட வேண்டாம். ரேடியேட்டர் ஃபேன் தள்ளும் சூடான காற்று இன்ஜினைத் தாண்டி கீழேயும் பக்கத்திலும்தான் வெளியேறுகிறது. தொட்டிபோல் மூடிய வண்டி, பினாங்கு வெயிலில் மதியம் பன்னிரண்டு மணிக்குள் சூடேறி நிற்கும்.

எண்ணெய் வடிக்கும் டிரெய்ன் போல்ட்டுக்கு நேராகத் துளை விழ ஒரு எளிய வழி உண்டு. போல்ட் தலையில் கிரீஸ் தடவி, தகட்டை ஜாக்கியும் பலகையும் வைத்து மேலே அழுத்துங்கள். வட்டமாக ஒரு கறை ஒட்டிக்கொண்டு இறங்கும், அதுதான் மையம். 70 மி.மீ. ஹோல்சா (வட்டத் துளை வெட்டி) போடுங்கள். போல்ட் பக்கவாட்டில் இருக்கும் மாடலில் எண்ணெய் முதலில் பீச்சியடித்து, பிறகுதான் நேராக ஒழுகும். அங்கே துளையை அந்தப் பக்கம் 120 மி.மீ. வரை நீட்டிக்கொள்ளுங்கள். துளையைச் சுற்றி உட்பக்கமாக 20 மி.மீ. உயரக் குழாய்வளையம் ஒட்டினால் எண்ணெய் தகட்டில் பரவாது, துளையின் விளிம்பும் மட்டை குத்தி நெளியாது. கிளட்ச் ஹவுசிங் துளைக்கு நேரே 30 மி.மீ., தாழ்ந்த மூலைகளில் 12 மி.மீ. துளைகள். ஃபில்டரைக் கழற்ற கை நுழையுமா என்பதையும் அட்டையிலேயே பார்த்துவிடுங்கள்.

4 இஞ்ச் கிரைண்டரில் 1 மி.மீ. வெட்டுத்தட்டு போட்டால் 3 மில்லி தகடு நேராக வெட்டுப்படும். கண்ணாடி போடாமல் கிரைண்டரைத் தொட வேண்டாம். முன்ஓரம் 30 முதல் 45 பாகை வரை மேல்நோக்கி மடிய வேண்டும், அப்போதுதான் மட்டை வழுக்கிக்கொண்டு போகும். பின்ஓரத்தையும் கொஞ்சம் மடியுங்கள். பின்னுக்கு எடுக்கும்போதுதான் பலர் தகட்டைப் பிய்த்துக்கொள்கிறார்கள். பிறை, புக்கிட் மெர்தாஜம் பக்கம் மடிப்பு இயந்திரம் வைத்திருக்கும் பட்டறையில் சில வெள்ளி கொடுத்தால் நிமிடத்தில் முடியும். வீட்டிலேயே என்றால், மடிப்பின் உட்பக்கத்தில் தகட்டின் பாதிக்குமேல் ஆழமாகக் கோடு வெட்டி, கோட்டைச் சற்று அகலமாக்கி, மடித்து, அந்தக் கோட்டை வெல்டிங்கால் நிரப்புங்கள். 2.6 மி.மீ. 6013 வெல்டிங் ராடு, 70 முதல் 90 ஆம்பியர். ஒரே ஓட்டமாக இழுத்தால் தகடு அப்பளமாகச் சுருளும். 30 மி.மீ. இங்கே, 30 மி.மீ. அங்கே என்று மாற்றி மாற்றி வையுங்கள். வெல்டிங் எல்லாம் வண்டியை விட்டுத் தள்ளி நடக்கட்டும். வண்டியிலேயே வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, எர்த் கிளாம்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாயும்.

தகட்டின் அடியில், போல்ட் தலைகளுக்கு இரு பக்கமும் நீளவாக்கில் 25க்கு 6 மி.மீ. பட்டைஇரும்பு ஒட்டுங்கள். உரசல் அதில் போகும், போல்ட் தலை தேயாது. தேய்ந்து உருண்ட தலையைக் கழற்றப் பிறகு கிரைண்டர்தான் கதி.

பெயிண்டில் கஞ்சத்தனம் வேண்டாம். தோட்டத்தில் பொட்டாஷ் உரம் தூவுகிற வண்டிக்கு இது இன்னும் அவசியம். அதிலுள்ள குளோரைடு இரும்பைத் தின்றுவிடும். பிரைமர் இரண்டு கை, அதன்மேல் பெயிண்ட், உட்பக்கமும் சேர்த்து.

மாட்டும்போது

போல்ட் துளைகளில் ஒரு பக்கத்தை வட்டமாகவும் மறுபக்கத்தை 12க்கு 18 மி.மீ. நீள்துளையாகவும் போட்டால் எம்10 போல்ட் இழுபறி இல்லாமல் சேரும். நீள்துளைக்கு 3 மி.மீ. தடிப்புள்ள அகல வாஷர். எல்லாப் போல்ட்டையும் கையால் ஏற்றிய பிறகே இறுக்குங்கள். உங்கள் தாங்கிக்கும் தகட்டுக்கும் நடுவிலான எம்10க்கு 45 நியூட்டன் மீட்டர், எம்12க்கு 80, சுமாராக. மரையில் கிரீஸ் தடவியிருந்தால் அதில் கால்பங்கு குறையுங்கள். நட்டு நைலான் உள்ளதாக இருக்கட்டும். அதிர்வுக்கு ரப்பர் வைப்பதானால், ரப்பருக்குள் இரும்புக்குழாய்த் துண்டு செருகி போல்ட் அதன்மேல் இறுகும்படி செய்யுங்கள். வெறும் ரப்பர்மேல் இறுக்கிய போல்ட் நிற்காது.

ஆப்புகளை எடுத்துவிட்டு ஒரு முன்டயரைக் கட்டைமேல் ஏற்றுங்கள், அச்சு அதன் தடுப்பில் முட்டும் வரை. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். தகட்டுக்கும் அச்சுக்கும் சிலிண்டருக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் எப்போதும் 15 மி.மீ. இருக்க வேண்டும். மறுபக்கமும் அப்படியே. சமதரையில் எல்லாம் சரியாகத் தெரிந்த தகடு முதல் கால்வாயைக் கடக்கும்போது அச்சில் உரசுவது இந்தச் சோதனையைத் தவிர்த்ததால்தான்.

ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்குங்கள், பிறகு 10 மணி நேரம் ஓடியபின் ஒருமுறை. முன்பு குறித்த அதே வேலையைச் செய்து டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள். ஏறியிருந்தால் இன்ஜினுக்குப் பின்பக்கத் தகட்டில் குறுக்காக 20க்கு 100 மி.மீ. பிளவுகள் வெட்டுங்கள்.

50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை, கிரீஸ் அடிக்கும்போதே, தகட்டை இறக்குங்கள். ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் இன்னும் அடிக்கடி. உள்ளே சேரும் காய்ந்த புல்லில் ஒழுகிய டீசல் ஊறி, எக்ஸாஸ்ட் சூடு பட்டால் தீப்பிடிக்கும். தகட்டில் எண்ணெய்க் கறை எங்கே விழுந்திருக்கிறது என்று கழுவுவதற்குமுன் பாருங்கள், ஒழுகல் எங்கே என்று அதுவே காட்டிக்கொடுக்கும். இன்ஜின் ஓடும்போது ஹைட்ராலிக் குழாயில் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். அழுத்தத்தில் பீச்சும் எண்ணெய் தோலுக்குள்ளேயே ஏறிவிடும். ஓர் அட்டைத் துண்டைக் காட்டினால் போதும்.