நாய்களை அடைக்கும் இடத்தின் பெயர்: தவிர்க்க வேண்டிய சொற்பிழைகள்

அயலார் கொல்லையில் மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைத்த இடத்தை வேலூர், குடியாத்தம் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் ‘பவுண்டு’ என்றே சொல்வார்கள். ஆங்கிலத்தில் தெருநாய்களை அடைக்கும் இடத்துக்கும் அதுவே பெயர். தண்டம் கட்டித்தான் மாட்டை மீட்க வேண்டும் என்பதால், அது பணத்தைக் குறிக்கும் பவுண்டிலிருந்து வந்தது என்று எண்ணத் தோன்றும், அது தவறு. பணமும் எடையுமான பவுண்டு லத்தீன் வழி வந்தது. இதுவோ அடைப்பு என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல். குளத்தைக் குறிக்கும் ‘பாண்ட்’ இதன் உடன்பிறப்பு.

பெயர் ஒன்றாக இருப்பதால் மாட்டுப் பவுண்டில் நாயையும் அடைக்கலாம் என்று கருதுவதும் பிழையே. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம், ‘கால்நடை’ என்பதில் யானை, ஒட்டகம், பன்றி வரை சேர்த்துச் சொல்கிறது, நாயைச் சொல்லவில்லை.

தமிழில் இதற்கு ஈடாகப் ‘பட்டி’ என்று எழுதினால் வேறொரு குழப்பம் எழுகிறது. மலையாளத்தில் பட்டி என்றால் நாய். சிகிச்சைக்காகக் கேரளத்தவர் பலர் வந்து தங்கும் வேலூரில் இது எல்லோர் காதிலும் விழும் சொல் என்பதால், தமிழ்ப் பட்டிக்கும் நாய்தான் மூலம் என்று சிலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். நம் வழக்கில் அது ஆடுமாடு அடைக்கும் இடம். அடங்காமல் திரிவதையும் ‘பட்டிமாடு’ என்றே அழைப்பது வேடிக்கைதான்.

நாய்க் கொட்டிலைக் குறிக்கும் ‘கென்னல்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மட்டும் நாயோடு பிறப்புறவு உண்டு. நாயைக் குறிக்கும் லத்தீன் ‘கேனிஸ்’ பிரெஞ்சு வழியாக அப்படித் திரிந்தது. ஆனால் இங்கே கென்னல் என்று பலகை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் குட்டி வளர்த்து விற்பவர்கள். ஆதரவற்ற நாயை அங்கே கொண்டுபோய்ப் பயனில்லை.

மிகுந்த மனத்தாங்கலை உண்டாக்குவது ‘காப்பகம்’ என்ற சொல். 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, பிடிக்கப்படும் தெருநாய்க்குக் கருத்தடை செய்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். அந்த வேலை நடக்கும் கருத்தடை மையத்தைக் காப்பகம் என்று எழுதுவதால்தான், நாய் தெருவுக்குத் திரும்பியதும் மாநகராட்சி ஏமாற்றிவிட்டதாகப் பேச்சு எழுகிறது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப விடாமல் காப்பகத்தில் வைக்கும்படி 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆகவே மனு எழுதுவோர், நாய் திரிவது தெருவிலா வளாகத்திலா என்பதை முதலில் குறித்துவிட்டு, அதன் பிறகு மையம் என்றோ காப்பகம் என்றோ எழுதுவது நல்லது.