நெட்லயே 304 சீட்டாட்டம் ஆடுறது எப்படி

ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில கிடக்கும், ஆட நேரம் இருக்கு ஆனா ரெண்டு பேரு பாம்பன்ல ரெண்டு பேரு துபாய்லனா என்ன பண்றது? விர்ச்சுவல்டேபிள்டாப்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் இருக்கு, பிரவுசர்லயே ஓடும், அக்கவுண்ட் வேணாம் காசும் வேணாம். ரூம தொறந்து லிங்க்க வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. எடிட் மோடுல சீட்டுக்கட்ட சேத்து, 2லருந்து 6 வரைக்கும் தூக்கிருங்க, ஜோக்கரையும்தான், மிச்சம் 32 சீட்டு நிக்கணும். அவங்கவங்க கைப்பகுதிக்குள்ள இழுத்துப் போடுற சீட்டு மத்தவங்களுக்குத் தெரியாது. ஆனா ரூல் எதையும் அது பாக்காது, ஜாக்கி 30, ஒம்பது 20, ஆசு 11, பத்துக்கு 10, ராசா 3, ராணி 2னு நீங்களேதான் எண்ணணும், எனக்கு அதுதான் புடிச்சிருக்கு. துருப்பு சீட்ட கவுத்து வச்சுக்குங்க. பேச தனியா ஆடியோ கால் போடுங்க, வீடியோ வேணாம், கடக்கரைப் பக்கம் டவர் தாங்காது.