பன்னாட்டுக் காலநிலை ஆய்வும் நீலகிரியும்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து காலநிலை, பேரிடர், எரிசக்தி ஆகியவற்றை ஆராய முன்வரும் இளைஞர்களின் திட்ட வரைவுகள் கருத்துக் கேட்டு என்னிடம் அடிக்கடி வருகின்றன. எங்கள் தலைமுறை செய்து கையைச் சுட்டுக்கொண்ட தவறுகளே அவற்றில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றன. விசா தாமதம், கூட்ட நேரக் குழப்பம் போன்றவற்றை ஒருமுறை பட்டால் எவரும் திருத்திக்கொள்வர், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மாவட்டம் முழுவதற்கும் ஒரே மழை என்று எண்ணுவது

பணத்தையும் காலத்தையும் மிகுதியாக விழுங்குவது இந்தத் தவறுதான்; இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டுவதும் இதுவே. உலகக் காலநிலையைக் கணினியில் கணக்கிடும் மாதிரிகள் நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்துக் கட்டத்துக்கு ஓர் எண் தருகின்றன; பலவற்றில் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 100 கி.மீ. இருக்கும். சுமார் 2,500 சதுர கி.மீ. பரப்புள்ள நீலகிரி அந்தக் கட்டத்துக்குள் கோவைச் சமவெளியோடும் வயநாட்டோடும் கலந்து காணாமல் போய்விடுகிறது. 0.25 பாகை அளவுக்கு நுண்மையான மழைத் தரவை எடுத்துக்கொண்டாலும் ஒரு கட்டம் ஏறத்தாழ 27 கி.மீ. அகலம் கொண்டது, தொட்டபெட்டாவின் இரு பக்கங்களும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடக்கூடும்.

ஆனால் அந்த இரு பக்கங்களும் வேறு வேறு மழையில் நனைகின்றன. மேற்கே அவலாஞ்சி, மேல்பவானி, கூடலூர்ப் பகுதிகளுக்குத் தென்மேற்குப் பருவமழைதான் முதன்மையானது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் பெய்த மழை 80 செ.மீ.-ஐத் தாண்டியது. கிழக்கே குன்னூருக்குப் பெருமழை என்பது அக்டோபர், நவம்பர் மாதங்களின் வடகிழக்குப் பருவமழை. மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 2009 நவம்பர் நிலச்சரிவுகள் அந்த மழையில்தான் நேர்ந்தன.

ஒரு கூட்டாய்வில் ஐரோப்பியக் குழுவினர் பருவமழை என்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை என்று கணினி நிரலில் எழுதிவைத்திருந்தனர். இந்தியாவின் பெரும்பகுதிக்கு அது பொருந்தும் என்பதால் இங்கிருந்த கூட்டாளிகளும் வாய் திறக்கவில்லை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அதற்குப் பிறகுதான் பெய்கிறது என்பது பள்ளிப் பாடம். பேரிடர் முன்னேற்பாடுகளைச் செப்டம்பர் இறுதியில் முடித்துக்கொள்ளலாம் என்று அறிக்கை பரிந்துரைத்தது. கோத்தகிரிப் பக்கத்து ஊரொன்றில் அதை வாசித்துக் காட்டியபோது பெரியவர் ஒருவர், "ஐப்பசி, கார்த்திகை அடைமழையை எங்கே வெச்சீங்க தம்பி?" என்று கேட்டார். வாசித்தவரிடம் பதில் இல்லை. நிலச்சரிவு வரைபடத்தை மீண்டும் கணக்கிட நல்கையில் (ஆய்வுக்கான நிதியுதவியில்) பணமும் மிஞ்சவில்லை. கடைசியில் மேற்குப் பகுதிக்கான முடிவுகளை மட்டும் வெளியிட்டார்கள். 2009-இல் சரிந்த மலைச்சரிவுகளே ஆய்வுக்கு வெளியே நின்றன.

மாவட்டம் முழுவதற்கும் ஒரே சராசரி எடுக்கும் இதே பழக்கம் மின்சாரக் கணக்கையும் கெடுக்கிறது. குந்தா நீர்மின் திட்டத்தின் நீர்த்தேக்கங்கள் பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையில் நிரம்புபவை. (ஆசிய நாடுகளுக்கான வளர்ச்சி உதவி ஏற்பாடான கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவின் உதவியோடு எழுந்தது குந்தா, பன்னாட்டுக் கூட்டுறவு இந்த மலைக்குப் புதிதன்று.) ஆகவே அணைகளின் நீர்வரத்தை மேற்கே பெய்யும் தென்மேற்குப் பருவமழையைக் கொண்டும், குன்னூர்ச் சரிவுகளின் அபாயத்தை ஆண்டிறுதி மழையைக் கொண்டும் தனித்தனியே கணிக்க வேண்டும் என்பதை, வரைவு கையெழுத்தாவதற்கு முன்பே வலியுறுத்துங்கள். தேயிலை எஸ்டேட்டுகள் பலவற்றில் மழைமானி அளவை நாள்தோறும் பதிவேட்டில் எழுதிவைக்கும் வழக்கம் உண்டு. அந்தப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றவும், மாதிரியின் முடிவுகளை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் ஆகும் செலவைத் தனிச் செலவினமாகக் கேளுங்கள். செலவைக் குறைக்கச் சொல்லும்போது முதலில் வெட்டுப்படுவது அந்தச் செலவினம்தான், விட்டுக்கொடுக்காதீர்கள்.

தேயிலைத் தொழிற்சாலைக்குச் சூரியத் தகடு போதும் என்பது

தேயிலைத் தொழிற்சாலையில் செலவாகும் ஆற்றலில் பெரும்பங்கு மின்சாரமன்று, வெப்பம். இலையை வாட்டவும் உலர்த்தவும் விறகு எரிகிறது. கூரையில் பதிக்கும் தகடுகள் மோட்டார்களின் மின்கட்டணத்தைக் குறைக்கும். அடுப்பில் எரியும் விறகு அப்படியே எரிந்துகொண்டிருக்கும். வெளிநாட்டுக் கூட்டாளியை மேலாளரின் அறையிலிருந்து மின்கட்டண ரசீதோடு திருப்பி அனுப்பிவிடாமல், விறகு அடுக்கியிருக்கும் கொட்டகை வரை அழைத்துச் செல்லுங்கள்.

புல்வெளியில் மரம் நட்டுக் கார்பன் கணக்குக் காட்டுவது

வேண்டாம். சோலை எனப்படும் மலைக்காடும் புல்வெளியும் சேர்ந்ததே இந்த மலை. புல்வெளிகளில் நட்ட சீகையையும் (வாட்டில்) கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) அகற்றும் வேலையே இன்னும் முடியவில்லை.

உயிரின மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதாக முன்கூட்டியே வாக்களிப்பது

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தைப் படித்துவிட்டு, சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்திடம் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

சிறிய அமைப்புக்குப் பெரிய நிறுவனம் வழியாகப் பணம் தருவது

ஒரு பெருநகர நிறுவனம் வெளிநாட்டு நல்கையைப் பெற்று, களப்பணி செய்யும் மலையூர் அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு முன்பு பரவலாக இருந்தது. அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, பெற்ற அயல்நாட்டு நிதியை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. வெளிநாட்டுப் பேராசிரியர்களில் பலர் இதை அறிந்திருப்பதில்லை. அறிந்த நம்மவர்களோ நல்கை கைநழுவிப் போய்விடுமோ என்று அஞ்சி வாய்மூடி இருக்கிறார்கள். களப்பணி செய்யப்போகும் சிறிய அமைப்பையும் ஒப்பந்தத்தில் நேரடிப் பங்காளியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த அமைப்புக்கு இச்சட்டத்தின் கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ இருக்கிறதா என்பதை வரைவை அனுப்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.