சின்ன ஊர்ப் பணிகளுக்கு விருது: எங்கே தவறுகிறோம்?

குழந்தைகள் சுற்றி விளையாடும் ராட்டினம். அது சுழலச் சுழல நிலத்தடி நீர் மேலேறித் தொட்டியில் விழும். பார்த்தவுடன் யாருக்கும் பிடித்துப்போகும் யோசனைதான். தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய இந்த ‘பிளேபம்ப்’ திட்டத்துக்கு 2000-ல் உலக வங்கியின் விருது ஒன்று கிடைத்தது. 2006-ல் பெரும் நிதியுதவி அறிவிப்பு. 2010-க்குள் ஆப்பிரிக்காவில் 4,000 பம்புகள் என்று இலக்கும் வைத்தார்கள். ஆனால் பிள்ளைகள் நாள் முழுக்கவா விளையாடுவார்கள்? பல ஊர்களில் பெண்கள்தான் குனிந்து அந்தச் சக்கரத்தைத் தள்ளினார்கள். பழுதானால் ஊர்க்காரர்கள் கைவைக்கவும் முடியவில்லை. சொன்ன அளவுக்குத் தண்ணீர் கிடைக்கப் பிள்ளைகள் ஒரு நாளில் 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று 2009-ல் ஒரு பிரிட்டிஷ் நாளிதழ் கணக்குப் போட்டுக் காட்டியது. இலக்கின் அருகில்கூடப் போகாமல் அந்த முயற்சி ஓய்ந்தது.

சின்ன ஊர்களின் பொதுப்பணிகளைப் பாராட்ட வேண்டியதுதான். அதில் நடக்கும் பெரிய தவறு, திறப்பு விழாவன்று தெரியும் தோற்றத்துக்கு விருது கொடுப்பது. ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே உள்ள 20 நாடுகளில் சுமார் 36 சதவீதக் கைப்பம்புகள் ஓடவில்லை என்று 2009-ல் ஒரு மதிப்பீடு வந்தது. அவற்றில் பெரும்பாலானவை திறந்த நாளில் நன்றாகவே தண்ணீர் ஊற்றியிருக்கும்!

கட்டடக்கலைக்கான ஆகா கான் விருதில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கட்டி முடித்துப் புழக்கத்துக்கு வந்து ஓராண்டாவது ஆன கட்டடங்களைத்தான் எடுத்துக்கொள்வார்கள். இறுதிச் சுற்றுக்கு வந்தவற்றை நிபுணர் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தருவார். சாலை, சிறுபாலம், வடிகால் என்றால் ஒரு மழைக்காலமாவது தாண்டட்டும் என்பேன். குடிநீர்த் திட்டம் என்றால் ஒரு கோடையும் சேர்த்து. நேரில் போகிறவர் மோட்டார் அறையைத் திறக்கச் சொல்ல வேண்டும். வாஷர் தேய்ந்தால் புதியது எங்கே கிடைக்கிறது, யார் மாற்றுகிறார்கள், அதற்குப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத திட்டத்தை எத்தனை அழகான புகைப்படமும் காப்பாற்றாது.

அடுத்தது, பெரிய நகரத்தின் அளவுகோலால் சின்ன ஊரை அளப்பது. அமெரிக்கப் பொதுப்பணிச் சங்கம் தன் ஆண்டு விருதுகளில், 75,000 பேர் வரை வசிக்கும் ஊர்களுக்கு என்று தனிப் பிரிவே வைத்திருக்கிறது. பேரிடருக்குப் பின் செய்த அவசரப் பழுதுபார்ப்பு, பழைய கட்டுமானங்களை மீட்பது போன்றவற்றுக்கும் அதில் தனித்தனி இடம் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் எழுபதாயிரம் பேர் உள்ள நகரமும் எண்ணூறு பேர் உள்ள கிராமமும் ஒரே வரிசையில் நிற்பது சமமான போட்டி என்று எனக்குத் தோன்றவில்லை. ‘தலைக்கு எவ்வளவு செலவு’ என்ற கணக்கும் இங்கே ஏமாற்றிவிடும். மூன்று கிலோமீட்டரில் சிதறிக் கிடக்கும் நாற்பது வீடுகளுக்குக் குழாய் போட்டால் தலைக்கு ஆகும் செலவு எகிறத்தான் செய்யும். அதை ஊதாரித்தனம் என்று தள்ளிவிட்டால், எட்டாத இடத்துக்கு எட்டிய வேலைக்கு விருதே கிடைக்காது.

விண்ணப்பப் படிவமும் ஒரு பொறி. நகராட்சிக்கு எழுதிக் கொடுக்க ஆலோசனை நிறுவனம் இருக்கும். சின்ன ஊரில் ஒரே ஒருவர் வரி வசூல், தண்ணீர் திறப்பு, கடிதப் போக்குவரத்து எல்லாம் பார்ப்பார். இருபது பக்கம் கேட்டால், பரிசு நன்றாக எழுதியவருக்குப் போகும். இரண்டு பக்கமும் ஒரு தொலைபேசி உரையாடலும் போதாதா?

சரி, விண்ணப்பிக்கிறவர்கள் செய்யும் தவறு? வேலை தொடங்கும் முன் படம் எடுக்க மறப்பதுதான் முக்கியமானது. பழைய பாலம் எப்படி இருந்தது என்று காட்ட ஒன்றுமே இருக்காது. எடுக்கும்போது ஒரே இடத்தில் நின்று முன்னும் பின்னும் எடுங்கள். அப்புறம், ‘மகத்தான’, ‘முன்னோடியான’ என்று அடுக்குவதை விட்டுவிட்டு, முன்பு வெள்ளம் வந்தால் எத்தனை நாள் வழி அடைபட்டது, இப்போது எத்தனை நாள் என்று மட்டும் எழுதுங்கள். நடுவில் ஏதாவது தப்பாகி, திருத்தியிருந்தால் அதையும் எழுதலாம். நடுவராக இருந்தால் நான் அந்தப் பத்தியைத்தான் முதலில் படிப்பேன்.

கடைசியாக, கேடயத்தில் யார் பெயர்? ஆகா கான் விருதின் பத்து லட்சம் டாலர் கட்டடக் கலைஞருக்கு மட்டும் போவதில்லை. கைவினைஞர், கட்டுநர், உரிமையாளர் என்று திட்டத்துக்கு உழைத்த பலருக்கும் பிரியும். 2004-ல் அந்த விருது பெற்றவற்றில் பர்கினா ஃபாசோவின் காண்டோ கிராமத் தொடக்கப் பள்ளியும் ஒன்று. ஊர் மக்களே கைகோத்துக் கட்டியது அது. அஸ்திவாரக் கல் சுமந்தவர்களில் குழந்தைகளும் உண்டு. நம் கேடயங்களிலோ பெரும்பாலும் பதவியில் இருப்பவரின் பெயர் மட்டும். யார் பெயரைப் பொறிப்பது என்று குழப்பமாக இருந்தால், நள்ளிரவில் தண்ணீர் நின்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள் என்று ஊர்க்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்த ஆளையும் மேடையில் ஏற்றுங்கள்.