தெர்மாமீட்டரும் தூண்டிலும்: கோவையில் இருந்து ட்ரவுட்டுக்கு ஒரு பங்குனிப் பயணம்

நான் முதன்முதலில் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பிடிக்க நீலகிரி மலையேறியது ஒரு மே மாதம். கல்லாறு தாண்டியதுமே வண்டிக்குப் பின்னால் வண்டி. ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று, உச்சி வெயில். மூன்று மணி நேரம் வீசியதில் என் சட்டைக் காலரை இரண்டு முறை பிடித்தேன், மீன் ஒன்றுகூட இல்லை. கிளம்பும்போது சும்மா தண்ணீரில் கை வைத்துப் பார்த்தேன், இளஞ்சூடாக இருந்தது. தப்பு எங்கே என்று அப்போதுதான் உறைத்தது. அடுத்த முறை புதுத் தூண்டில் எதுவும் வாங்கவில்லை. மீன் தொட்டிக் கடையில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கினேன். இந்தச் செய்முறை முழுவதும் அந்தத் தெர்மாமீட்டரைச் சுற்றித்தான் ஓடும்.

நான் ட்ரவுட் பிடிப்பது ஃபிளை ஃபிஷிங் முறையில். அது தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நம் ஊர்த் தூண்டிலில் மண்புழுவும் ஈயக் குண்டும் கனமாக இருக்கும், அந்தக் கனம்தான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் முள்ளில் இருப்பது இறகும் நூலும் வைத்துக் கட்டிய பொய்ப் பூச்சி, அதற்கு எடையே கிடையாது. அதனால் கயிற்றையே கனமாகச் செய்திருப்பார்கள். நீங்கள் வீசுவது கயிற்றை. பூச்சி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கூடவே போகும்.

முதல் வேலை: அனுமதி

சாமான் வாங்கும் முன் இதை முடியுங்கள். நீலகிரியில் ட்ரவுட் இருக்கும் தண்ணீர் அநேகமாக எல்லாமே காப்புக்காட்டுக்குள்ளோ மின்வாரிய அணைகளிலோ இருக்கிறது. முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் தூண்டிலோடு நுழையும் நினைப்பே வேண்டாம். மற்ற இடங்களுக்கு ஊட்டியில் உள்ள மீன்வளத்துறை அலுவலகத்திலும் வனத்துறையிலும் நேரில் கேட்டு, எந்த ஏரி, எந்தக் கரை, எந்த நாள் என்று எழுத்தில் வாங்குங்கள். "அங்க யாரும் கேக்க மாட்டாங்க" என்று வழியில் ஒருவர் சொல்வார். அவர் உங்களோடு ரேஞ்சர் அலுவலகத்துக்கு வர மாட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் வேண்டாம்தான், வீட்டிலேயே ஜிலேபி மீன் பிடிக்கலாம். அதையும் கீழே சொல்லியிருக்கிறேன்.

உடுமலைக்காரர்களுக்குச் சின்னார், மறையூர் வழியாக மூணாறு பக்கம். அங்கும் ட்ரவுட் உண்டு, ஆனால் கேரளத்து விதிகள். அங்கேயும் இதே பாடுதான்.

நீலகிரிக்குள் போக 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். அதையும் இப்போதே போட்டு வைத்துவிடுங்கள்.

தேதி குறிப்பது

ரெயின்போ ட்ரவுட் நம் மலையின் மீன் அல்ல. பசிபிக் கடலின் வடக்குக் கரை நாடுகளின் மீன், வட அமெரிக்காவின் மேற்குப் பக்கமும் ரஷ்யாவின் கம்சட்காவும் அதற்குப் பிறந்த ஊர். 1860-களில் மீன் ஆராய்ச்சியாளர் பிரான்சிஸ் டே நீலகிரிக்கு ட்ரவுட் கொண்டுவரப் பார்த்துத் தோற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் மீன் வல்லுநர் எச். சி. வில்சன் காலத்தில் அது வேரூன்றியது. அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமும் அப்போது வந்ததுதான்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருந்து எழுதுபவர்கள் எல்லோரும் "ஏரியில் பனிக்கட்டி உருகியதும் போ" என்பார்கள். அங்கே ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ பனி விலகும். நான்கு டிகிரியில்தான் தண்ணீர் மிகக் கனமாக இருக்கும். மேல்தண்ணீர் அந்தச் சூட்டுக்கு வந்ததும் கீழே இறங்க, காற்று ஏரியையே புரட்டிப் போடும். அடியில் கிடந்த சத்து மேலே வரும், மீன் பசியோடு கரைக்கு வரும். நம் ஏரிகளில் பனிக்கட்டி மூடுவதில்லை, டிசம்பர், ஜனவரியில் புல் மேல் உறைபனி படிவதோடு சரி. அதனால் அவர்கள் நாள்காட்டியை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டால் ஏமாற்றம்தான். எடுத்துக்கொள்ள வேண்டியது அதற்குப் பின்னால் இருக்கும் காரணத்தை. இந்த மீனுக்கு 10 முதல் 16 டிகிரி வரை உள்ள தண்ணீர் பிடிக்கும். 18-க்கு மேல் சுணங்கும், 20 தாண்டினால் திணறும், 25-ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவதும் ஒரு காரணம்.

கோவை கடல்மட்டத்தில் இருந்து சுமார் 410 மீட்டர், ஊட்டி 2240. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்று தோராயமாகப் போட்டால், நாம் விசிறிக்கடியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மேலே 11, 12 டிகிரி குறைவாக இருக்கும். ட்ரவுட் அங்கே பிழைத்துக் கிடப்பது அந்த வித்தியாசத்தில்தான்.

என் கணக்கில் மாசிக் கடைசி முதல் பங்குனி முடியும் வரை. உறைபனி போயிருக்கும், இரவுக் குளிர் இன்னும் இருக்கும், குளிர்காலத்தில் முட்டையிட்டு மெலிந்த மீன் இரை தேட ஆரம்பித்திருக்கும், மே மாதக் கூட்டமும் வந்திருக்காது. ஒரே சிக்கல், அது காட்டுத்தீக் காலம். வனத்துறை எந்த நாளும் வழியை மூடலாம், அதனால் இரண்டு தேதி வைத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த இடத்துக்குப் பேர் வந்ததே ஒரு பழைய நிலச்சரிவால்தான்.

சாமான்

ஏரியில் காற்று அடிக்கும், அதனால் 9 அடி நீளத்தில் 6-ஆம் எண் ராடு வாங்குங்கள். 5-ஆம் எண் கையில் இருந்தால் அதுவும் ஓடும். கயிறு இரண்டு வேண்டும்: மிதப்பது ஒன்று, மெதுவாக மூழ்கும் 'இன்டர்மீடியட்' ஒன்று. காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் மிதப்பதையே வாங்குங்கள். முனையில் 9 முதல் 12 அடி வரை லீடர் (கயிற்றையும் பூச்சியையும் இணைக்கும் மெல்லிய நரம்பு), கடைசியில் 4எக்ஸ் அல்லது 5எக்ஸ் நரம்பு, அதாவது 0.18 அல்லது 0.15 மில்லிமீட்டர் தடிமன். ரீல் மலிவானதே போதும், ஏரியில் அது கயிறு சுற்றி வைக்கும் டப்பா, அவ்வளவுதான். கூடவே ஒரு மூக்குப் பிளையர், ரப்பர் வலை, பிறகு அந்தத் தெர்மாமீட்டர்.

கொறங்காட்டில் பழகுவது

ஆறு வாரம் முன்பே வீசிப் பழகுங்கள். களத்துச் சிமெண்டில் வேண்டாம், கயிற்றின் மேல்தோல் உரசிப் போகும். கொழுக்கட்டைப் புல் முளைத்த கொறங்காடு (மாடு மேயும் நிலம்) இதற்கென்றே செய்து வைத்த மாதிரி. பின்னால் வெள்வேல மரமும் கிளுவை வேலியும் இல்லாத இடமாகப் பார்த்து நில்லுங்கள். முள்ளுக்குப் பதில் நுனியில் ஒரு சிவப்பு நூல் கட்டிக்கொள்ளுங்கள்.

பக்கவாட்டில் ஒரு கடிகார முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ராடை 10 மணியில் இருந்து 1 மணிக்குக் கொண்டுபோய் அங்கே சட்டென்று நிறுத்த வேண்டும். கயிறு பின்னால் முழுக்க விரியும் வரை பொறுக்க வேண்டும். பிறகு முன்னால் 10 மணிக்கு வந்து நிறுத்த வேண்டும். எல்லோரும் தப்பு செய்வது அப்படிப் பொறுத்திருப்பதில்தான். அவசரப்பட்டு முன்னால் இழுத்தால் சாட்டை சொடுக்குவது மாதிரி சத்தம் வரும், நுனிப் பூச்சி அறுந்திருக்கும். மணிக்கட்டை மடக்கக் கூடாது. நான் ராடின் அடிக்கட்டையைச் சட்டைக் கைக்குள் செருகிக்கொண்டு பழகினேன்.

மூன்றாம் நாள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) வந்து வேலியோரம் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"ஏங்கண்ணு, தண்ணியே இல்லாத காட்டுல என்னத்தப் புடிக்கற?"

"பழகறனுங்க அப்பிச்சி."

"அந்த மாடு தண்ணி குடிக்கப் போகோணும். செத்த தள்ளி நின்னு பழகு."

வாரத்துக்கு நான்கு நாள், இருபது நிமிடம் போதும். 30 அடி தூரம் நேராக விழுந்தால் நீங்கள் தயார். கரையில் இருந்து பிடிக்கும் மீன் பெரும்பாலும் அந்தத் தூரத்துக்குள்தான் வரும், 60 அடி வீசிக் காட்டுவதெல்லாம் படம் எடுக்க. கடைசி இரண்டு வாரம் தெரிந்தவர் தோட்டத்துப் பண்ணைக்குட்டையில் ஜிலேபிக்கு வீசிப் பாருங்கள். குத்தகைக் குளத்தில் வீசுவதானால் குத்தகைக்காரரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிறிய பூச்சியை ஜிலேபி கவ்வும். கயிற்றைக் கையால் இழுத்து மீனைக் கரை சேர்ப்பதெல்லாம் அங்கேயே பழகிவிடும்.

ஒரு பூச்சி கட்டலாம்

தொடங்குபவருக்கு ஒன்றே ஒன்று என்றால் அது வுல்லி பக்கர். அட்டை, ஊசித்தட்டானின் தண்ணீர்ப் பருவம், சின்ன மீன் என்று எதற்கு வேண்டுமானாலும் பொருந்தும் பொத்தாம்பொதுவான உருவம். கட்டுவதற்கான பொருள் முக்கால்வாசி நம் பக்கமே கிடைக்கிறது. சுற்றிக் கட்டுவதற்கு, ஓவர்லாக் மெஷினுக்குப் போடும் வுல்லி நைலான் நூலைத் திருப்பூரில் யாரிடம் கேட்டாலும் ஒரு கோன் தருவார்கள். இறகுக்கு வீட்டுச் சேவல் இருக்கிறது. (கட்டுச்சேவல் வைத்திருப்பவரிடம் மட்டும் இறகு கேட்டுவிடாதீர்கள்.)

10-ஆம் எண் முள்ளை எடுத்து, உள்பக்கம் மீன் கழன்றுவிடாமல் இருக்க வைத்திருக்கும் சின்ன எதிர்முள்ளைப் பிளையரால் நசுக்கிவிடுங்கள். முள் வளையும் இடம் வரை நூலைச் சுற்றுங்கள். சேவல் இறகின் அடிப்பகுதியில் இருக்கும் பஞ்சு மாதிரித் தூவியை முள்ளின் நீளத்துக்கு வாலாகக் கட்டுங்கள். அதே இடத்தில் நீளமான கழுத்து இறகு ஒன்றின் நுனியையும், கரும்பச்சைக் கம்பளி நூல் ஒன்றையும் சேர்த்துக் கட்டுங்கள். கம்பளியை முன்னால் சுற்றிக்கொண்டு வந்து தலைக்குக் கொஞ்சம் முன்பே நிறுத்துங்கள். அதன் மேல் இறகை இடைவெளி விட்டுச் சுற்றுங்கள். தலையில் நான்கு முடிச்சு, ஒரு சொட்டு நெயில் பாலிஷ். முதல் பத்து, செத்த கம்பளிப்பூச்சி மாதிரித்தான் இருக்கும். தண்ணீரில் நனைந்து வால் ஆடுவதைப் பார்த்த பிறகு குறை சொல்லுங்கள்.

இன்னொன்றைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்: கைரனாமிட் கூட்டுப்புழு, 14-ஆம் எண். கைரனாமிட் என்பது கொசு மாதிரியே இருக்கும் ஒரு பூச்சி, கடிக்காது. அதன் புழு ஏரிச் சேற்றில் வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, செங்குத்தாக மெல்ல மேலே ஏறும். வழியிலேயே ட்ரவுட் அதைப் பொறுக்கித் தின்னும்.

கரையில்

முதல் நாள் சாயங்காலமே ஊட்டிப் பக்கம் போய்த் தங்கிவிடுங்கள். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போங்கள், எனக்கு ஆறிப்போன அரிசியும்பருப்பும் நெய்யும் ஊறுகாயும்தான். சின்னப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களைச் சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள், ஸ்டீல் பாட்டில் எடுங்கள். சாம்பல், பழுப்பு, மங்கிய பச்சைச் சட்டை நல்லது. வெயில் கண்ணாடியும் தொப்பியும் கட்டாயம், அது அழகுக்கு இல்லை, முள் கண்ணில் படாமல் இருக்க.

விடிந்து வெளிச்சம் வந்ததும் வீச ஆரம்பித்துவிட வேண்டும். ஆனால் ராடு பூட்டும் முன் தெர்மாமீட்டர். குறுகிய வாய்ப் பாட்டிலுக்குள் அதைப் போட்டு, ஒரு கல்லும் கயிறும் கட்டி, ஆழமான பாறை ஓரத்தில் இறக்குங்கள். மூன்று நிமிடம் விட்டு இழுத்து உடனே பாருங்கள், பாட்டில் தண்ணீர் சூழ்ந்திருப்பதால் அளவு சட்டென்று மாறாது. மேல்மட்டம், ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று மூன்று அளவு எடுங்கள். 10-க்கும் 16-க்கும் நடுவே எந்த ஆழம் வருகிறதோ, பூச்சி இருக்க வேண்டியது அந்த ஆழத்தில். எல்லாமே 20-ஐத் தொட்டுவிட்டதா? ராடைப் பூட்டவே பூட்டாதீர்கள். அந்தச் சூட்டில் பிடித்து விட்ட மீனும் பிழைப்பது கஷ்டம்.

எங்கே வீசுவது? ஓடை வந்து விழும் வாய், கரை சட்டென்று ஆழமாகும் விளிம்பு, தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கும் பழைய ஓடைத் தடம். மேட்டில் நின்று பார்த்தால் தண்ணீர் நிறம் மாறும் கோடு தெரியும், அதுதான் விளிம்பு. காற்று அடித்துக்கொண்டு போய்ச் சேர்க்கும் கரையில் இரையும் சேரும், முகத்துக்கு நேரே காற்று வீசினாலும் நான் அங்கேதான் நிற்பேன்.

ஆழத்துக்குப் பூச்சியை இறக்குவது எண்ணிக்கைதான். இன்டர்மீடியட் கயிறு நொடிக்குச் சுமார் 4 சென்டிமீட்டர் மூழ்கும். இரண்டு மீட்டருக்கு 50 எண்ண வேண்டும். புதிதாக வருபவர் 10 எண்ணுவதற்குள் இழுக்கத் தொடங்கிவிடுவார். எண்ணி முடித்ததும் ஒரு சாண், ஒரு சாணாக இழுத்து நிறுத்துங்கள். வீசும் ஒவ்வொரு முறையும் ஐந்து கூட்டிப் பாருங்கள். பாசி சிக்கினால் ஐந்து குறையுங்கள், அதுதான் உங்கள் எண். கைரனாமிட் என்றால் மிதக்கும் கயிற்றில் தக்கை கட்டி, பூச்சி அடிமண்ணுக்கு ஒரு அடி மேலே தொங்குமாறு வைத்துச் சும்மா இருங்கள். இது நம் ஊர்த் தக்கைத் தூண்டில்தான், வேறொன்றும் இல்லை.

ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள், தண்ணீருக்குள் இறங்காதீர்கள். மின்சாரத்துக்காக அணைத் தண்ணீர் ஏறி இறங்கும். வற்றிய ஓரச் சேறு மேலே காய்ந்தும் உள்ளே களியாகவும் இருக்கும், முழங்கால் வரை வாங்கிவிடும். காட்டெருமை தண்ணீருக்கு வந்தால் கரை அதற்குத்தான், சத்தமில்லாமல் பின்வாங்குங்கள். நான்கு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள்.

மீன் கவ்வினால்

ராடை உயர்த்திக் கயிற்றை விறைப்பாக வையுங்கள். அது ஓடினால் ஓட விடுங்கள், நின்றால் இழுங்கள். வலை தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். கையை நனைத்த பிறகே தொடுங்கள், காய்ந்த கை பட்டால் மீன் மேலிருக்கும் வழுவழுப்பு போய்விடும். எடுத்துக்கொள்ள அனுமதிச் சீட்டு இடம் தந்தால், சீட்டில் உள்ள அளவோடு நிறுத்துங்கள். இல்லையென்றால் பிளையரால் முள்ளைத் திருப்பிக் கழற்றி, தலையை நேராகப் பிடித்து, அது தானாக உதறிக்கொண்டு போகும் வரை காத்திருங்கள். வெட்டிய நரம்புத் துண்டு ஒன்றுகூடக் கரையில் கிடக்கக் கூடாது, பறவைக் காலில் சிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் கயிற்றைச் சோப்புத் தண்ணீரில் துடையுங்கள், வலையையும் செருப்பையும் மொட்டை மாடி வெயிலில் இரண்டு நாள் போடுங்கள். ஜிலேபிக் குட்டைத் தண்ணீர் மலைக்குப் போகக் கூடாது, மலைத் தண்ணீர் குட்டைக்கு வரக் கூடாது. அப்புறம் ஒரு நோட்டு. தேதி, மணி, மூன்று ஆழத்துச் சூடு, எத்தனை எண்ணியபோது கவ்வியது. என் நோட்டில் இரண்டாம் பயணத்துக்கு எழுதியிருப்பது: "பங்குனி, காலை 7.40. மேலே 17, இரண்டு மீட்டரில் 14. எண்ணிக்கை 45. ஒன்று."