ஆளை நிறுத்தும்போது முதலாளிகள் கோட்டைவிடும் இடங்கள்

"நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைப் பல வருடம் கோர்ட்டில் விளக்கவேண்டி வரும். லேபர் கோர்ட்டில் தோற்கும் முதலாளியிடம் காரணம் இல்லாமல் இருக்காது. முறையாக எதுவும் செய்திருக்கமாட்டார், அதுதான் சிக்கல்.

ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏராளம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் (1947) 41-ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரை நிறுத்த நியாயமான காரணமும் வேண்டும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ வேண்டும். ஒழுங்கீனத்துக்காக நிறுத்தினால் நோட்டீஸ் தேவையில்லை. ஆனால் விசாரணை நடத்தி, அதில் குற்றச்சாட்டுக்குத் தகுந்த சாட்சியம் பதிவாகியிருக்க வேண்டும்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இந்த விசாரணையில்தான். தொடக்கமே மெமோவில் கெட்டுப்போகிறது. "உங்கள் நடத்தை சரியில்லை, ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது?" என்று எழுதினால் அதற்கு யாரால் பதில் சொல்ல முடியும்? "12-ஆம் தேதி மாலை கவுன்டரில் வாங்கிய 4,200 ரூபாய்க்கு பில் போடவில்லை, இரவு கணக்கிலும் அந்தப் பணம் வரவில்லை" என்று எழுதுங்கள். தேதி, இடம், தொகை மூன்றும் இருக்கட்டும். அவருக்குப் புரியும் மொழியில் இருக்கட்டும். பதில் எழுத நியாயமான அவகாசம் கொடுங்கள். காலையில் மெமோ, மாலையில் டிஸ்மிஸ் என்றால் முடிவை முன்பே எடுத்துவிட்டீர்கள் என்று அந்தக் காகிதமே காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம், புகார் கொடுத்த மேனேஜரே விசாரணை அதிகாரியாக உட்காருவது. செலவு மிச்சம் என்று செய்கிறார்கள், கேஸ் அங்கேயே பாதி போய்விடுகிறது. சம்பவத்தில் தொடர்பில்லாத ஒருவர் விசாரிக்கவேண்டும். சாட்சி சொல்பவரைத் தொழிலாளி குறுக்கு விசாரணை செய்ய விடவேண்டும். அவர் கேட்டதையும் சாட்சி சொன்ன பதிலையும் அப்படியே எழுதி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கவேண்டும். பழைய தவறுகளையும் கணக்கில் எடுப்பதாக இருந்தால் அதையும் முன்கூட்டியே அவருக்குச் சொல்லவேண்டும். உத்தரவில் திடீரென்று "ஏற்கெனவே மூன்று முறை எச்சரித்தோம்" என்று வந்தால் எடுபடாது.

விசாரணை முடியும்வரை சஸ்பெண்ட் செய்தால் பிழைப்பூதியத்தை நிறுத்தாதீர்கள். முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அதற்குமேல் இழுத்தால் விகிதம் கூடும். சாப்பாட்டுக்கே வழியில்லாமல் வைத்துவிட்டு "விசாரணைக்கு வரவில்லை" என்று எழுதுவது எனக்குத் தெரிந்து மிக மோசமான தந்திரம்.

இன்னொன்று, "அவரே நின்றுவிட்டார்" என்ற சாக்கு. எட்டு நாள் வராதவரின் பெயரை ரிஜிஸ்டரிலிருந்து அடித்த ஒரு நிறுவனத்தின் வழக்கில், நிலையாணையில் (நிறுவனத்தின் பணி விதிகளில்) அப்படி விதி இருந்தாலும் விளக்கம் கேட்காமல், விசாரிக்காமல் நீக்கியது தவறு என்று உச்ச நீதிமன்றம் 1993-ல் சொல்லிவிட்டது. வேலைக்குத் திரும்பச் சொல்லி ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள், கடிதம் போய்ச்சேர்ந்ததற்கான அத்தாட்சியைப் பத்திரமாக வையுங்கள். வெற்றுத் தாளில் முன்பே வாங்கிவைத்த கையெழுத்தை ராஜினாமாவாக மாற்றுவதைப் பற்றி பேசவே வேண்டாம், அது மோசடி.

மகப்பேறு விடுப்பில் இருப்பவரை நீக்கும் யோசனையை அடியோடு விடுங்கள். அது சட்டவிரோதம்.

கடைசியாக செட்டில்மென்ட். நிறுத்திய இரண்டு வேலை நாளுக்குள் சம்பள பாக்கி போய்ச்சேர வேண்டும். "யூனிஃபார்மையும் சாவியையும் கொடு, அப்புறம் பார்க்கலாம்" என்று இழுக்க முடியாது. ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) உண்டு. அலட்சியத்தால் நஷ்டம் வந்தது என்பதற்காக நீக்கியிருந்தால், அந்த நஷ்டத்தின் அளவுக்குத்தான் அதில் பிடிக்கலாம். மீதியைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.